அவள் ஓரமாக வைத்த ராடு

கனெக்டிங் ராடு என்றால் என்னவென்று என் மனைவிக்கு நான் விளக்கியது சைக்கிளை வைத்துத்தான். மிதிக்கிறவனின் முழங்கால் மேலும் கீழும் போய்வருகிறது, பெடல் வட்டமாகச் சுற்றுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது நடுவிலுள்ள கெண்டைக்கால். எஞ்சினில் பிஸ்டன்தான் முழங்கால், கிராங்குதான் பெடல், நடுவே இருக்கிற இரும்புத் தண்டு ராடு. நான்கு சிலிண்டர் என்றால் நான்கு ராடு. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப போன வருசம் என் தம்பி வண்டியில ஒடைஞ்சது அதானா?"

அதேதான் என்றேன்.

போடியிலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டில் எனக்கு ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் சாம்பிள் பார்க்கிற வேலையில் இருந்தேன். ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு சின்னப் பொட்டலம் கொடுப்பார்கள். அதைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, இரண்டு காயை நசுக்கி மோந்துவிட்டு, மூட்டை மூட்டையாகக் கிடக்கிற சரக்கு முழுவதற்கும் விலை சொல்லிவிட வேண்டும். மூட்டையை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்தவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த தப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி அதே தொழிலின் இன்னொரு முனையில் இருக்கிறாள். குடோனில் காய் பொறுக்குகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்து, நல்லது வலது பக்கம், வாய் பிளந்தது, கறுத்தது, சுருங்கியது எல்லாம் இடது பக்கம். வாய் பிளந்த காயை யாரும் கண்டுபிடித்துவிடலாம். இன்னும் நாலு நாளில் பிளக்கப்போகிற காயையும் கண்டுபிடித்து இடது பக்கம் தள்ளுகிற பெண்கள் அங்கே சிலர் உண்டு. அவர்களில் இவள் ஒருத்தி. நான் இதைக் கிண்டல் செய்வேன். நான் ஒரு கை காயைப் பார்த்து நூறு மூட்டைக்குத் தீர்ப்புச் சொன்னவன், நீ ஒரு மூட்டையை முடிக்க ஒரு நாள் எடுக்கிறாய் என்பேன்.

அவள் தம்பி ஜீப் ஓட்டுகிறவன். காலையில் தோட்ட வேலைக்குப் போகிற ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். அவனும் நானும் சேர்ந்து, போட்டிக்கென்று ஒரு பழைய ஜீப்பைத் தேற்றி வைத்திருக்கிறோம். எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், மழை ஓய்ந்ததும் சேற்றுச் சரிவில் ஜீப் ஏற்றுகிற போட்டி நடத்துவார்கள். அதில் ஏற்ற எங்கள் ஜீப்பில் வேறொரு பெரிய வண்டியின் டர்போ டீசல் எஞ்சினை இறக்கி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போவையும் பெரிதாக மாற்றினேன். பழைய ஜீப்பின் சக்தி ஒரு பங்கு என்றால் இது நான்கு பங்கு. ராடுகளை மட்டும் மாற்றவில்லை. எஞ்சினோடு வந்ததையே திரும்ப மாட்டினேன்.

சரிவின் உச்சிக்குச் சற்றுக் கீழே படிபோல ஒரு பாறை உண்டு. போன வருஷம் அந்தப் பாறைக்கு முன்னால் அவன் மூன்றாவது கியருக்கு மாற்றி அழுத்தினான். உலக்கையால் அண்டாவில் அடித்தது போல ஒரு சத்தம். ராடு உடைந்து எஞ்சினின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வண்டி பின்னாலேயே சறுக்கி, ஒரு பலாமரத்தில் மோதிச் சாய்ந்தது. அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்ன மச்சான் ஆச்சு என்று கேட்டான்.

"மூணாவதுல போட்டு ரொம்ப முறுக்கிட்ட மாப்ளே. எஞ்சினு தாங்கல" என்றேன்.

நான் சொன்னால் அவன் நம்புவான். அன்றும் நம்பினான். அவனுக்கு எலும்பு கூடியது. என் மனைவி பத்து நாள் சோறு போட்டாளே தவிரப் பேசவில்லை.

அதன்பிறகு அவன் ஆள் மாறிவிட்டான். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது, நேரான ஏற்றத்தில்கூட இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போவான். பின்னால் வருகிற ஜீப்பெல்லாம் ஆரன் அடித்துத் தாண்டிப் போகும். ஜீப் ஸ்டாண்டில் அவனுக்கு 'ரெண்டாவது கியரு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அடிபட்டதில் புத்தி வந்திருக்கிறது, பையன் நிதானமாகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இந்த வருஷம் திரும்பவும் எஞ்சின் கட்டலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான். நீங்க சொன்னாச் சரி மச்சான் என்றான், குரலில் பெரிய ஆசை ஒன்றும் இல்லாமல். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ராடு எது வாங்கினாலும் மாட்டுவதற்கு முன்னால் அவளிடம் காட்ட வேண்டும். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். காட்டினால் போதும் என்றாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுக்கிற மாதிரி ஏதோ ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

ராடு தேர்ந்தெடுக்கிற வேலையில் ஒன்றரை மாதம் நிம்மதியாக ஓடியது. செல்போனில் ராடு படங்களாகச் சேர்த்தேன். கோயமுத்தூரில் ராடு செய்து விற்கிற ஒருவரின் எச்-பீம் ராடு என் மனதைக் கவர்ந்துவிட்டது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து எச் போல இருக்கும். மெல்லிய இடுப்பு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பெண் பார்த்துவிட்டு வந்தவன் போட்டோவைக் காட்டுகிற மாதிரி டீக்கடையில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். பெயர் தெரியாத ஆட்கள்கூட நல்லாருக்கு என்றார்கள். ஆனால் ஆர்டர் கொடுக்கப் போன் செய்தால் அந்தக் கோயமுத்தூர்க்காரர் விற்பதாக இல்லை, கேள்வி கேட்பதாகவே இருந்தார். டீசலா பெட்ரோலா, எவ்வளவு வேகம் சுற்றும், டர்போ எவ்வளவு காற்றை அமுக்கும், என்ன பிஸ்டன். காசு கொடுக்கிறவனிடம் இத்தனை கேள்வியா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் நானே திரும்பக் கூப்பிட்டேன், ஏனென்றால் அவர் கேட்டதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ராடு இரண்டு விதமாகச் சாகும். எஞ்சின் அதிவேகமாகச் சுற்றினால் பிஸ்டன் அதை மேலே இழுத்து இழுத்துச் சாகடிக்கும். டர்போவின் அழுத்தம் கூடினால் மேலிருந்து அமுக்கி வளைத்துச் சாகடிக்கும். டீசல் எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுற்றாது, ஆனால் யானை மாதிரி அமுக்கும். அதனால் எனக்குத் தேவை தடித்த முதுகுள்ள ஐ-பீம் ராடும், அதைக் கிராங்கோடு பூட்டுகிற உயர்ந்த ரகப் போல்ட்டும். பார்க்க அழகாக இருக்காது. அப்படியானால் உள்ளதிலேயே கனமானதாகக் கொடுங்கள் என்றேன். நான் ஏலக்காய்க் கடையில் தொழில் பழகியவன், பருமனும் கனமும்தான் எனக்கு உசத்தி.

"கனம் மட்டும் பத்தாதுங்க" என்றார். "நாலும் ஒண்ணு போல இருக்கோணும்."

தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்.

ராடுகள் ஒரு மரப்பெட்டியில் பஸ்சில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தது. மேலே இருந்த ஒன்றைப் பிரித்தேன். அழகில்லை என்று சொன்னது பொய். சாம்பல் நிறத்தில், கையில் எடுத்தால் ஒரு நல்ல பாரம். மைக்ரோமீட்டரை எடுத்துக் கீழ்வளையம், மேல்வளையம், நீளம் எல்லாம் அளந்தேன். சொன்ன அளவு சொன்னபடி இருந்தது. போல்ட்டைப் பூட்டி, இறுக்கும்போது அது எவ்வளவு நீளுகிறது என்றும் அளந்தேன். அச்சுப் பிசகவில்லை. மனம் குளிர்ந்துவிட்டது. மற்ற மூன்றையும் தாளைப் பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோயமுத்தூருக்குப் போன் செய்து சரக்கு அருமை என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி வேலையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்தாள். அவளிடமிருந்து இன்னும் ஏலக்காய் வாசம் வந்துகொண்டிருந்தது. நான்கு ராடுகளையும் வரிசையாக வைத்தேன். முதல் ராடை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, காயை உருட்டுகிற மாதிரியே கட்டைவிரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அரைக் காபி குடிக்கிற நேரம் ஆனது. வலது பக்கம் வைத்தாள். இரண்டாவதும் வலது பக்கம் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு அதை இடது பக்கம் ஓரமாக வைத்துவிட்டு நான்காவதை எடுத்தாள்.

"அத ஏன் ஓரமா வெக்கிற?"

"இது வாய் தொறக்கும்."

எடுத்துப் பார்த்தேன். போல்ட்டின் தலை வந்து உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் முடியளவு ஒரு கோடு. மிஷினில் கடைசல் பிடிக்கும்போது உளி போட்ட கோடு என்று நினைத்தேன், அப்படியே சொன்னேன். அந்தக் கோடு மற்ற மூன்றிலும் இல்லையே என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இது காயா, இரும்பு, கோயமுத்தூரில் படித்தவர்கள் செய்தது, உன் குடோன் வேலையை இங்கே காட்டாதே என்று இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவள் நான்காவதை வலது பக்கம் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். டீயில் சர்க்கரை கூடிப்போனதற்கு மாஸ்டரோடும் ஒரு சண்டை போட்டேன்.

திரும்பி வந்தபோது ராடு நான் விட்ட இடத்திலேயே, இடது பக்கத்தில் கிடந்தது. அவளைத் தோற்கடிக்க வேண்டும் என்றே சோதனைக்கு இறங்கினேன். கடைகளில் இதற்கென்று சிவப்புச் சாயம் விற்பார்கள். அது கையில் இல்லை. பழைய முறை ஒன்று உண்டு. இரும்பை டீசலில் ஊற வைத்து, ஈரமே இல்லாமல் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவ வேண்டும். கோடு வெறும் கோடாக இருந்தால் பொடி காய்ந்தே கிடக்கும். வெடிப்பாக இருந்தால் உள்ளே புகுந்த டீசல் மெதுவாகக் கசிந்து பொடியை நனைக்கும். பொடிக்கு எங்கே போவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

நான்கு ராடுகளுக்கும் தூவினேன். மூன்று அப்படியே வெள்ளையாக இருந்தன. அவள் ஓரமாக வைத்ததில் மட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாவின் மேல் ஈரமாக ஒரு கோடு எழுந்தது. நான் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ராடை மாட்டியிருந்தால் அதே பாறைக்கு முன்னால், அதே பையன், அதே பலாமரம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கோலமாவு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

பயம் ஒரு பக்கம் இருக்க, வேறொன்று உள்ளே குடைய ஆரம்பித்தது. மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் பரணில் ஏறி, போன வருஷத்து ராடுகள் கிடந்த சாக்கை இறக்கினேன். ஒன்று உடைந்து துண்டாகிவிட்டது, மூன்று முழுதாக இருந்தன. அவற்றையும் டீசலில் போட்டுத் துடைத்து மாவைத் தூவினேன். இரண்டில் வெடிப்பு எழுந்தது. உடைந்த துண்டின் முறிவிலும் பாதி, முன்பே வெடித்து எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடந்தது. முதல் சிலிண்டரின் ராடு மட்டும் சுத்தமாக இருந்தது. போன வருஷம் மாட்டுவதற்கு முன்னால் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். ஒன்றைப் பார்த்துவிட்டு, நான்கும் நல்லவை என்று விலை சொல்லிவிட்டேன். உடைந்தது நான் பார்க்காத ராடு. அவன் முறுக்கியதால் உடையவில்லை.

போன வருஷமே எனக்கு இந்தச் சந்தேகம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. சாக்கைப் பரணில் போட்டு, சந்தேகத்தையும் அதோடு கட்டிப் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்காமல், கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவன் தலையில் பழியைக் கட்டினேன். இதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து தன் வேலை ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். குரங்கணிப் பக்கம் லோடு ஏற்றிப் போய்வந்த செம்மண் சக்கரமெல்லாம் ஒட்டியிருந்தது. வெடித்த ராடு இரண்டையும் அவன் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன். சுற்றி வளைத்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"அப்ப நான் முறுக்குனதுனால இல்லையா?" என்று கேட்டான்.

"இல்ல மாப்ளே. நீ முறுக்குனதுக்கு அது தாங்கியிருக்கணும். தாங்குற மாதிரி நான் மாட்டல."

குழாய்த் தண்ணீர் அவன் கையிலிருந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. என்னை அடித்தால் நல்லது என்று எனக்கு இருந்தது. அவன் ராடைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருசமா மூணாவது போடக் கையை வெச்சாலே வேர்த்துப் போகுது மச்சான்" என்றான். "பின்னாடி பன்னெண்டு பேரு உக்காந்திருக்காங்க. எனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னே நெனச்சிட்டேன்."

அவன் நிதானமாகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டது இதைத்தான். மன்னிப்பு என்கிற வார்த்தையெல்லாம் எங்களுக்குள் புழக்கத்தில் இல்லை. அவன் ஜீப்பைக் கழுவ ஆரம்பித்திருந்த துணியை வாங்கி, மிச்சத்தை நான் கழுவினேன். அவன் விட்டான். போகும்போது, எஞ்சினை எப்ப மச்சான் கட்டப்போறோம் என்று கேட்டான். இந்த வருஷத்தில் அவனாக அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோயமுத்தூர்க்காரர், வெடிப்பை நான் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்ததும் வாதாடாமல் மாற்று ராடு அனுப்பினார். நூற்றில் ஒன்று தப்பும், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன். இந்த முறை நான்கையும் அளந்தேன். அளந்தது போதாமல் என் பழைய கடைக்கே எடுத்துக்கொண்டு போய், சாம்பிள் நிறுக்கிற தராசில் நான்கையும் நிறுத்தேன். கடைக்காரர், என்னப்பா இது புது ரகக் காயா, ஏலத்துக்கு எடுக்கலாமா என்று கேலி செய்தார். நான்கும் ஒன்று போல நின்றன. அதற்குப் பிறகு வெள்ளைத் துண்டு. நான்கும் வலது பக்கம் போன பிறகுதான் எஞ்சினுக்குள் போயின. கட்டி முடித்து, இரண்டு வாரம் வெறும் வண்டியாகத் தேவாரம் ஊர் வரை போய்வந்து எஞ்சினைப் பழக்கினோம். அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, சாப்பாடு ருசித்தது. மாஸ்டரின் டீகூட நன்றாக இருந்தது.

போட்டி அன்று என் மனைவி குடோனுக்கு லீவு சொல்லிவிட்டு எங்களோடு வந்தாள். போன வருஷம் அவள் வரவில்லை. ஏலச்செடிகளுக்கு நடுவே சரிவு முழுக்கச் சேறாகக் கிடந்தது. பலாமரத்தில் மோதின இடத்தில் பட்டை உரிந்த தழும்பு அப்படியே இருந்தது. பெல்ட்டைப் பூட்டிக்கொண்டே அவன் என்னைக் கேட்டான், எல்லா ராடும் பார்த்தாச்சா மச்சான் என்று.

"உங்கக்கா பாத்துட்டா" என்றேன்.

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

கீழ்ப்பாதி சுலபமாக ஏறினான். பாறை நெருங்க நெருங்க வண்டி திணறியது. இரண்டாவதிலேயே மல்லுக்கட்டினான். டயரின் பட்டைகளில் சேறு அப்பிக்கொண்டு பிடி நழுவியது. அந்த இடத்தில் சக்கரம் வேகமாகச் சுற்றிச் சேற்றை வீசி எறிந்தால்தான் பிடி கிடைக்கும். அதற்கு மூன்றாவது போட வேண்டும். வண்டி மெல்ல மெல்ல நிற்கப் போனது. இந்த வருஷமும் ஜெயிக்கப் போவதில்லை, பரவாயில்லை, பையன் பத்திரமாக இறங்கி வந்தால் போதும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே, போடுடா என்றாள்.

எஞ்சின் சத்தம் ஒரு நொடி தணிந்தது. கிளட்சை மிதித்திருக்கிறான். நான்கு ராடுகளும் வெள்ளைத் துண்டின் மேல் கிடந்தபடி என் கண்ணுக்குத் தெரிந்தன. பிறகு மூன்றாவது விழுந்தது. சேறு இரண்டு பக்கமும் மதில் மாதிரி எழுந்தது. ஜீப் பாறையின் மேல் மூக்கைத் தூக்கி, அந்தப் பக்கம் போய் மறைந்தது. பக்கத்தில் நின்ற மலையாளத்துக்காரர் ஒருவர் நல்லாருக்கு என்பதை அவர் பாஷையில் கொள்ளாம், கொள்ளாம் என்று யாரைப் பார்த்தோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. சுற்றுப் பாதையில் வண்டியை இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, அவன் முகத்தில் சேறு போக மிச்சம் இருந்தது பல் மட்டும்தான். நான் கையை நீட்டிக்கொண்டு போனேன். அவன் என்னைத் தாண்டிப் பார்த்தான்.

"அக்கா, மூணாவது போட்டேன்."

"கேட்டுச்சுடா" என்றாள் அவள்.